கற்றாழைப் பொருளுக்குத் தரச் சான்று: எந்தத் தாள் எதற்குப் பொறுப்பு?

கேள்வி இதுதான்: கற்றாழை ஜெல்லும் குடிக்கும் சாறும் தயாரித்து விற்க நினைப்பவருக்கு எந்தத் தரச் சான்று வேண்டும்? அதை எப்படிப் பெறுவது? சான்று பெற்ற கற்றாழைப் பொடியை வாங்கிக் கலந்துவிட்டால், நம் டப்பாவிலும் அந்த முத்திரையைப் போட்டுக்கொள்ளலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: போட முடியாது. மூலப்பொருளுக்குக் கிடைத்த சான்று மூலப்பொருளோடு நின்றுவிடும். டப்பாவில் முத்திரை வர வேண்டுமானால் அந்த டப்பாவுக்குள் இருக்கும் பொருளே தனியாகச் சான்று பெற வேண்டும். இந்தத் தொழிலில் அதிகம் நடக்கும் தவறும் இதுதான். பல நேரம் தெரியாமல் செய்கிறார்கள், சில நேரம் தெரிந்தே செய்கிறார்கள்.

"தரச் சான்று" என்று ஒரே பெயரில் நான்கு வேறு விஷயங்களைச் சொல்கிறோம். உள்ளே இருப்பது உண்மையிலேயே கற்றாழைதானா, எவ்வளவு இருக்கிறது என்று சொல்வது ஒரு வகை. தொழிற்சாலை சுத்தமாக, ஒழுங்காக நடக்கிறதா என்று சொல்வது இன்னொரு வகை: அழகுசாதனத்துக்கு ஐஎஸ்ஓ 22716, உணவுக்கு ஐஎஸ்ஓ 22000, எச்ஏசிசிபி போன்றவை. செடி எப்படி வளர்ந்தது என்பதற்கு ஆர்கானிக் சான்று. பயன்படுத்துவோரின் சமய நெறிக்கு ஹலால், கோஷர். இவற்றில் ஒன்று இன்னொன்றின் வேலையைச் செய்யாது. ஐஎஸ்ஓ 22716 வாங்கிய தொழிற்சாலையில், ஒரு சொட்டுக் கற்றாழைகூட இல்லாத ஜெல்லை மிகச் சுத்தமாகத் தயாரிக்க முடியும். அந்தச் சான்று பொய்யாகாது, ஏனென்றால் கற்றாழை இருக்கிறது என்று அது சொல்லவே இல்லை.

முதல் வகைக்கு உலக அளவில் பெயர் பெற்ற அமைப்பு சர்வதேசக் கற்றாழை அறிவியல் கவுன்சில். சுருக்கமாக ஐஏஎஸ்சி என்பார்கள். அமெரிக்காவில் இயங்கும், லாப நோக்கமற்ற தொழில்துறை அமைப்பு. அரசு நிறுவனம் அல்ல, அதன் முத்திரை சட்டப்படி கட்டாயமும் அல்ல. ஆனால் கற்றாழை என்ற ஒரே பயிரை மட்டும் எடுத்துக்கொண்டு, எதைக் கற்றாழை என்று சொல்லலாம் என்பதற்கு எண்களோடு வரையறை வைத்திருப்பதால் பெரிய வாங்குநர்கள் இதைத்தான் கேட்கிறார்கள். அந்த எண்கள் புரிந்தால், சான்றுக்கு விண்ணப்பிக்காதவரும் ஏமாறாமல் பொடி வாங்கலாம். அதனால் அதிலிருந்தே தொடங்குவோம்.

கற்றாழை என்பதற்கு அடையாளம் எது

கற்றாழைச் சோற்றில் 98 முதல் 99 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். மிச்சமிருக்கும் திடப்பொருளைத்தான் சோதிக்க முடியும். தோலை நீக்கி எடுத்த உள்ளிலைச் சோற்றில் திடப்பொருள் சுமார் 0.5 சதவீதம், தோலோடு சேர்த்து அரைத்த முழு இலைச் சாற்றில் சுமார் 1 சதவீதம். பொடிகளின் பெயரில் வரும் 200:1, 100:1 எல்லாம் இதிலிருந்து வருபவைதான். உள்ளிலைச் சாறு 200 கிலோவை முழுக்க உலர்த்தினால் 1 கிலோ பொடி கிடைக்கும். முழு இலைச் சாறாக இருந்தால் 100 கிலோவுக்கு 1 கிலோ.

அந்தத் திடப்பொருளில் முக்கியமானது அசிமன்னன் என்ற பாலிசாக்கரைடு. மன்னோஸ் சர்க்கரை மணிகள் சங்கிலியாகக் கோத்து, அவற்றின்மீது அசிட்டைல் தொகுதிகள் ஒட்டியிருக்கும். ஐஏஎஸ்சி கணக்கில் காய்ந்த எடையில் இது குறைந்தது 5 சதவீதம் இருக்க வேண்டும். இதோடு மாலிக் அமிலமும் குளுக்கோஸும் கட்டாயம் தென்பட வேண்டும். புது இலைச் சாற்றின் திடப்பொருளில் மாலிக் அமிலம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குக்குக்கூட வரும். நான்காவதாக ஐசோசிட்ரேட். இது தோல் பகுதியிலிருந்து வருவது. "உள்ளிலைச் சாறு" என்று லேபிளில் எழுத வேண்டுமானால் காய்ந்த எடையில் இது 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அது முழு இலைச் சாறு. இரண்டும் கற்றாழைதான், ஆனால் ஒன்றின் பெயரில் மற்றதை விற்பது குற்றம். உள்ளிலைச் சாற்றுக்குத் தோலைச் சீவி எடுக்க வேண்டும், செலவு அதிகம், விலையும் அதிகம். ஏமாற்றுவதற்கான காரணமும் அங்கேதான் இருக்கிறது.

இந்த நான்கையும் ஒரே சோதனையில் பார்ப்பது புரோட்டான் என்எம்ஆர். வலுவான காந்தப்புலத்தில் மாதிரியை வைத்து, அதிலுள்ள மூலக்கூறுகளை வரைபடக் கோடுகளாகக் காட்டும் முறை அது. திரவ மாதிரியாக இருந்தால் முதலில் உறையவைத்து உலர்த்துவார்கள். பிறகு கனநீரில் கரைத்து, அளவு தெரிந்த நிக்கோட்டினமைடை ஒப்பீட்டுக்காகச் சேர்ப்பார்கள். வரைபடத்தின் கிடைமட்ட அளவுகோலில் 2.0 முதல் 2.3 வரையுள்ள பகுதியில் பல முனைகள் கொண்ட ஒரு குன்று போல அசிமன்னனின் அசிட்டைல் தெரியும். 5.2-க்குப் பக்கத்தில் குளுக்கோஸ். 1.3-க்குப் பக்கத்தில் இரட்டைக் கோடு வந்தால் அது லாக்டிக் அமிலம், இலையோ சாறோ புளித்திருக்கிறது என்பதற்குச் சாட்சி. 5.4-க்குப் பக்கத்தில் பெரிதாக எழுந்து நிற்பது மால்டோடெக்ஸ்ட்ரின். ஆய்வகத்திடம் எண் அறிக்கையை மட்டும் வாங்கி வராமல் வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள். இரண்டு பொடிகளின் வரைபடத்தை அருகருகே வைத்துப் பார்த்தால் வேதியியல் படிக்காதவருக்கும் வித்தியாசம் கண்ணில் படும்.

மால்டோடெக்ஸ்ட்ரின் ஸ்டார்ச்சிலிருந்து வரும் மலிவான மாவுப்பொருள். ஸ்ப்ரே முறையில் உலர்த்தும்போது பொடி ஒட்டாமல் உதிர அதைச் சேர்ப்பது வழக்கம், அதில் தவறில்லை. லேபிளிலும் பகுப்பாய்வுச் சான்றிலும் சொல்லாமல் மறைப்பதுதான் தவறு. முன்பு ஆல்கஹால் ஊற்றினால் வீழ்படிவாகும் பொருளை எடைபோட்டு "மொத்தப் பாலிசாக்கரைடு" என்று எழுதுவார்கள். மால்டோடெக்ஸ்ட்ரினும் ஆல்கஹாலில் வீழ்படிவாகும். ஆக, கலப்படம் கூடக் கூட சோதனையில் மதிப்பெண்ணும் கூடியது! இன்றும் ஒரு சப்ளையரின் தாளில் "மொத்தப் பாலிசாக்கரைடு 60%" என்று மட்டும் இருந்து, அசிமன்னன் என்ற வரியே இல்லாவிட்டால் அந்தப் பேரத்தைத் தள்ளிவைப்பது நல்லது.

என்எம்ஆருக்கும் ஒரு குறை உண்டு. அசிட்டைல் எவ்வளவு என்று சொல்லும், சங்கிலி எவ்வளவு நீளம் என்று சொல்லாது. முழு இலைச் சாற்றில் நாரைக் கரைக்கச் செல்லுலேஸ் நொதி போடுவார்கள். அளவு கூடினாலோ, அந்த நொதியில் வேறு நொதிகள் கலந்திருந்தாலோ, அசிமன்னன் சங்கிலி துண்டு துண்டாகிவிடும். 5 சதவீதம் என்ற வரம்பைத் தாண்டிவிடும், ஆனால் பிசுபிசுப்பு போயிருக்கும். மூலக்கூறு எடை உங்களுக்கு முக்கியம் என்றால் மூலக்கூறுகளை அளவு வாரியாகப் பிரித்துக் காட்டும் எஸ்இசி என்ற தனிச் சோதனை கேட்க வேண்டும்.

2016-ல் ப்ளூம்பெர்க் செய்தி நிறுவனம் அமெரிக்கக் கடைகளில் வாங்கிய சில ஜெல்களை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தபோது, அசிமன்னன், மாலிக் அமிலம், குளுக்கோஸ் மூன்றுமே தென்படவில்லை என்று எழுதியது. மூலப்பொருள் பட்டியலில் கற்றாழைச் சாறு முன்வரிசையில் இருந்தது. விற்றவர்கள் மறுத்தார்கள். யார் சொன்னது சரி என்ற வாதம் ஒருபுறமிருக்க, முன்னோட்டச் சோதனை இல்லாமல் லேபிளை மட்டும் நம்பிச் சரக்கெடுப்பவருக்கு இதுதான் நடக்கும்.

மஞ்சள் பால்

இலையை வெட்டினால் தோலுக்கடியிலிருந்து கசப்பான மஞ்சள் பால் வடியும். அதில் அலோயின் முதலான ஆந்த்ராகுயினோன்கள் இருக்கின்றன. கடும் பேதி மருந்து அது. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2002-ல், கடையில் நேரடியாக விற்கும் மலமிளக்கிகளில் இதை மூலப்பொருளாக ஏற்க முடியாது என்று நீக்கிவிட்டது. நிறநீக்கம் செய்யாத முழு இலைச் சாற்றை இரண்டு ஆண்டுகள் குடிநீரில் கொடுத்த எலிகளுக்குப் பெருங்குடலில் கட்டிகள் வந்ததை அமெரிக்கத் தேசிய நச்சியல் திட்டம் பதிவு செய்தது. அதன் பின் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை முழு இலைச் சாற்றை 2பி பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பிரிவில் வைத்தது. கலிஃபோர்னியா 2015-ல் நிறநீக்கம் செய்யாத முழு இலைச் சாற்றைத் தன் எச்சரிக்கைப் பட்டியலில் சேர்த்தது. "நிறநீக்கம் செய்யாத" என்ற சொல்லைக் கவனியுங்கள். கரி வடிகட்டல் செய்து அலோயினை எடுத்துவிட்ட சாறு இந்தப் பட்டியலில் இல்லை.

குடிக்கும் பொருளுக்கு ஐஏஎஸ்சி வைத்திருக்கும் வரம்பு 10 பிபிஎம், அதாவது கிலோவுக்கு 10 மில்லிகிராம் அலோயின். தோலில் பூசும் பொருளுக்கு அமெரிக்க அழகுசாதன மூலப்பொருள் மதிப்பாய்வுக் குழு ஏற்றுக்கொண்ட ஆந்த்ராகுயினோன் வரம்பு 50 பிபிஎம். ஐரோப்பிய ஒன்றியம் 2021-ல் கொண்டுவந்த 2021/468 விதி இன்னும் கடுமையானது: ஹைட்ராக்சி ஆந்த்ரசீன் (அலோயின் சேர்ந்த வேதிக் குடும்பம்) கொண்ட கற்றாழை இலைத் தயாரிப்புகளை உணவில் தடை செய்தது. 2024 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் கற்றாழை இலைத் தயாரிப்பு தொடர்பான பகுதியை ரத்து செய்தது. அங்கே சரக்கு அனுப்புகிறவர் அனுப்பும் நாளில் என்ன விதி என்பதை இறக்குமதியாளரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பழைய சான்று இதற்குப் பதில் சொல்லாது.

இங்கே பலர் சறுக்கும் ஓர் இடம் இருக்கிறது. 10 பிபிஎம் என்பது சாறாகக் கரைத்த நிலையில், 0.5 சதவீதத் திடப்பொருளுக்குப் பார்ப்பது. 200:1 பொடியிலேயே நேராக அளந்தால் அதே வரம்பு 2,000 பிபிஎம் ஆகிவிடும். ஆகவே "அலோயின் 10 பிபிஎம்-க்குக் கீழ்" என்று தாளில் இருந்தால், பொடியிலா கரைசலிலா என்று கேளுங்கள். ஒரு சப்ளையர் பொடியில் 800 பிபிஎம் என்று எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 5 கிராம் போட்டுச் சாறாக்கினால் 4 பிபிஎம், தேறிவிடும். அதே பொடியை நான்கு மடங்கு அடர்த்தியாக, லிட்டருக்கு 20 கிராம் போட்டு "செறிவூட்டிய சாறு" என்று விற்றால் 16 பிபிஎம், அந்தப் பாட்டில் தேறாது. சோதனை எச்பிஎல்சி என்ற திரவப் பிரிப்பு முறையில் நடக்கட்டும், அறிக்கையில் அலோயினின் ஏ, பி என்ற இரு வடிவங்களும் சேர்ந்த எண் இருக்கட்டும்.

தொழிற்சாலையில் எங்கே கெடுகிறது

சான்று கிடைக்காமல் போவதற்கான காரணங்கள் பெரும்பாலும் ஆய்வகத்தில் இல்லை, இலை வெட்டிய முதல் சில மணி நேரத்தில் இருக்கின்றன.

வெட்டிய இலையை வெயிலில் குவித்து வைத்தால் இலையிலுள்ள நொதிகளும் நுண்ணுயிரிகளும் வேலையைத் தொடங்கிவிடும். மாலிக் அமிலம் லாக்டிக் அமிலமாக மாறும், அசிமன்னன் சிதையும். அன்று வெட்டியதை அன்றே அரைத்துச் சூடாக்குவதுதான் வழி, முடியாவிட்டால் குளிர்பதனம். வெட்டும்போது அடிப்பகுதியைக் கிழிக்காமல் முழுசாக எடுத்தால் சோறு வெளியே தெரியாது, கிருமி ஏறாது. பால் வடிய நட்டுக்குத்தாகச் சிறிது நேரம் நிறுத்தி, பிறகு கழுவ வேண்டும். கழுவும் தொட்டியில் குளோரின் அளவைக் குறித்துவைக்கும் பதிவேடு இல்லாத தொழிற்சாலையில் தணிக்கையாளர் முதல் குறையை அங்கேயே எழுதிவிடுவார்.

கரி வடிகட்டலில் இரண்டு பக்கமும் வழுக்கும். கரி குறைந்தால் அலோயின் மிச்சமிருக்கும். அதிகமானால் நல்ல பொருளையும் இழுத்துக்கொள்ளும். கரி தீர்ந்த பிறகும் மாற்றாமல் ஓட்டினால் காலை பேட்ச் தேறும், மாலை பேட்ச் தேறாது. மாதிரி எப்போதும் காலையிலேயே எடுக்கப்படுவதால் இது தெரியாமலே போகும். ஓட்டத்தின் கடைசியில் எடுத்த மாதிரியையும் அனுப்புங்கள்.

சூடும் காரமும் அசிமன்னனுக்கு எதிரிகள். 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் நெடுநேரம் வைத்தால் அமைப்பே மாறும். அதனால் பாஸ்சுரைஸ் செய்வது அதிக சூட்டில் மிகக் குறைந்த நேரம், அடர்த்தியாக்குவது வெற்றிடத்தில் குறைந்த சூட்டில். பிஎச் காரப் பக்கம் போனால் அசிட்டைல் கழன்றுவிடும். கழன்ற சங்கிலி நீரில் நன்றாகக் கரையாது, அடியில் வெள்ளையாகப் படியும், என்எம்ஆரில் 2.0–2.3 குன்று காணாமல் போகும். குழாய்களைக் காஸ்டிக் சோடாவால் கழுவிவிட்டுச் சரியாக அலசாததால் இது நடக்கும்போது, காரணம் கண்டுபிடிக்கவே நாளாகும். புதுச் சாற்றின் இயல்பான பிஎச் 3.5 முதல் 4.7 வரை. வெளிவரும் கடைசி அலசல் நீரின் பிஎச்சை அளந்து எழுதுவதை வழக்கமாக்கிவிட்டால் போதும்.

ஜெல்லாக மாற்றும்போது

ஐஏஎஸ்சி முத்திரைக்கு முடிந்த பொருளில் குறைந்தது 15 சதவீதம் கற்றாழை இருக்க வேண்டும். கேட்பதற்குப் பெரிதாக இருந்தாலும், அது சாறு நிலையில் பார்க்கும் கணக்கு. 1 கிலோ ஜெல்லில் 150 கிராம் சாறு, அதாவது 200:1 பொடியில் வெறும் 0.75 கிராம். அந்தப் பொடியில் பாதி மால்டோடெக்ஸ்ட்ரின் என்றால் 1.5 கிராம் போட்டால்தான் கணக்குச் சரியாகும். பொடி விற்பவர் 200:1 என்று பெயர் எழுதியிருந்தாலும், உள்ளே எத்தனை சதவீதம் கற்றாழைத் திடப்பொருள் என்பதை வைத்தே கணக்குப் போட வேண்டும்.

முக்கால் கிராம் பொடி போடுவதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். கடையில் விற்கும் தெளிந்த ஜெல்கள் பெரும்பாலும் கார்போமர் என்ற செயற்கைக் கெட்டிப்பானால் கெட்டியானவை. உப்பு பட்டால் கார்போமர் இளகிவிடும். கற்றாழையில் கால்சியமும் மக்னீசியமும் இயல்பாகவே உண்டு. "90 சதவீதம் கற்றாழை" என்று சாற்றிலேயே ஜெல் பிடிக்கப் போனால் மருந்து போல ஓடும். அப்போது சூத்திரம் எழுதுபவர் செய்யும் குறுக்குவழி, கற்றாழையைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுவது. நேர்வழி, உப்பைத் தாங்கும் கெட்டிப்பானுக்கு மாறுவது: சாந்தன் கோந்து, ஹைட்ராக்சிஎத்தில் செல்லுலோஸ் போன்றவை. ஜெல் கண்ணாடி போலத் தெளிவாக இருக்காது, கொஞ்சம் மங்கலாக இருக்கும். உண்மையான கற்றாழைச் சாறும் மங்கல்தான். பச்சைப் பசேல் என்று இருப்பது சாயம், உள்ளிலைச் சோற்றுக்கு நிறமே கிடையாது.

பொடியைச் சூடான கலவையில் போடாமல், 40 டிகிரிக்குக் கீழே ஆறிய பிறகு சேர்க்கவும். நேராகத் தண்ணீரில் தூவினால் கட்டி கட்டியாகும். கிளிசரினில் குழைத்துக்கொண்டு ஊற்றினால் கட்டி விழாது. நாள்பட ஜெல் இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ மாறினால் ஃபீனால்கள் ஆக்ஸிஜனேற்றம் அடைகின்றன என்று பொருள். இரும்புப் பாத்திரம் அதை வேகப்படுத்தும்.

கற்றாழை கிருமிக்கும் நல்ல சாப்பாடு. பொருள் கெடாமல் காக்கும் பதப்படுத்திகளான சோடியம் பென்சோயேட், பொட்டாசியம் சார்பேட் இரண்டும் அமிலச் சூழலில்தான் வேலை செய்யும். பிஎச் 5-ஐத் தாண்டினால் வீரியம் வேகமாகக் குறையும். கார்போமர் ஜெல்லை 6.5-க்குக் கொண்டுபோய்விட்டு இவற்றை மட்டும் நம்புவது, பதப்படுத்தியே சேர்க்காமல் விற்பதற்குச் சமம். குடிக்கும் சாற்றில் பென்சோயேட்டோடு வைட்டமின் சி சேர்ந்து வெளிச்சமும் சூடும் பட்டால் பென்சீன் உருவாக வாய்ப்புண்டு, அதனால் இரண்டையும் ஒன்றாக எழுதும் முன் யோசிக்கவும்.

சேர்த்த பதப்படுத்தி கிருமிகளைத் தாங்குமா என்பதற்கு ஐஎஸ்ஓ 11930 சவால் சோதனை. வேண்டுமென்றே கிருமிகளை ஜெல்லில் விட்டு, 7, 14, 28-ஆம் நாட்களில் எண்ணிப் பார்ப்பார்கள். ஏ தரத்துக்கு 7-ஆம் நாளில் பாக்டீரியா ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்திருக்க வேண்டும், பிறகு ஏறக் கூடாது. முடிந்த அழகுசாதனத்துக்கு ஐஎஸ்ஓ 17516 வரம்பு, பொதுவாக ஒரு கிராமுக்கு 1,000 நுண்ணுயிர்கள். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள், கண்ணோரம், சளிச்சவ்வு என்றால் 100. ஈ.கோலை, சூடோமோனாஸ் ஏருஜினோசா, ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், கேண்டிடா ஆல்பிகன்ஸ் நான்கும் ஒரு கிராமில் இருக்கவே கூடாது. இவை ஐஏஎஸ்சி முத்திரை கேட்காவிட்டாலும் செய்ய வேண்டியவை.

விண்ணப்பமும் தணிக்கையும்

வேலை நடக்கும் வரிசை ஏறக்குறைய இப்படி. விண்ணப்பத்தோடு பொருளின் முழுச் சூத்திரம், கற்றாழை யாரிடமிருந்து எந்த வடிவில் வருகிறது, லேபிள் நகல் எல்லாம் கொடுக்க வேண்டும். நீங்கள் வாங்கும் கற்றாழை ஏற்கெனவே சான்று பெற்றதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மூலப்பொருளிலிருந்தே தொடங்கிப் போராட வேண்டும், ஆகவே சப்ளையரைத் தேர்ந்தெடுக்கும்போதே இதைப் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம். பிறகு மாதிரிகள் ஆய்வகம் போகும். தணிக்கையாளர் ஆலைக்கு வருவார்.

சாற்றிலும் பொடியிலும் என்எம்ஆர் தெளிவாகப் பேசும். க்ரீமிலும் ஜெல்லிலும் அப்படி இல்லை. கிளிசரின், எமல்சிஃபையர், வாசனை எல்லாம் சேர்ந்து வரைபடத்தைக் குழப்பிவிடும், கிலோவுக்கு முக்கால் கிராம் பொடி அந்தக் கூட்டத்தில் மறைந்துவிடும். அதனால் தணிக்கையாளர் நம்புவது கொள்முதல் ரசீதையும் உற்பத்திப் பதிவேட்டையும். ஆண்டுக்கு 10 கிலோ 200:1 பொடி வாங்கியிருக்கிறீர்கள் என்றால் அது 2,000 கிலோ சாறு. 15 சதவீதம் வீதம் போட்டால் 13,333 கிலோ ஜெல்லுக்குத்தான் வரும். விற்பனைக் கணக்கில் 40,000 கிலோ இருந்தால் வேறெந்தச் சோதனையும் தேவையில்லை. ஒவ்வொரு பேட்ச் அட்டையிலும் பொடியின் பேட்ச் எண், எடை, எடைபோட்டவர் கையெழுத்து, மீதி இருப்பு ஆகியவை இருக்கட்டும். இதைத் தணிக்கைக்கு முந்தின இரவில் எழுத முயல்பவர்களை, அனுபவமுள்ள தணிக்கையாளர் மையின் நிறத்தை வைத்தே பிடித்துவிடுவார்.

லேபிளில் பெயர்களைச் சரியாக எழுத வேண்டும். "அலோ பார்படென்சிஸ் லீஃப் ஜூஸ்", "லீஃப் ஜூஸ் பவுடர்", "லீஃப் எக்ஸ்ட்ராக்ட்", "லீஃப் வாட்டர்" நான்கும் வேறு வேறு பொருள்கள். லீஃப் வாட்டர் காய்ச்சி வடித்த நீர், அதில் அசிமன்னன் வராது. பொடியைத் தண்ணீரில் கரைத்துவிட்டு லீஃப் ஜூஸ் என்று முதலில் எழுதி, தண்ணீரே இல்லாதது போலக் காட்டுவதும் பரவலாக இருக்கிறது. "100% ஜெல்" என்று எழுதுவதில் 100 சதவீதம் எதைக் குறிக்கிறது என்று யாராவது கேட்டால் பதில் இருக்க வேண்டும். "எஃப்டிஏ அங்கீகாரம் பெற்றது" என்று ஜெல் டப்பாவில் போடாதீர்கள். எஃப்டிஏ அழகுசாதனப் பொருளுக்கு அங்கீகாரம் கொடுப்பதே இல்லை.

ஐஏஎஸ்சி உறுப்பினராக இருப்பதும் சான்று பெற்றிருப்பதும் ஒன்றல்ல. உறுப்பினர் கட்டணம் கட்டியவரின் எந்தப் பொருளும் சான்று பெறாமல் இருக்கலாம். ஒரே நிறுவனத்தின் சாறு சான்று பெற்றிருக்கும், ஜெல் பெற்றிருக்காது. சப்ளையர் காட்டும் படத்தை நம்பாமல், கவுன்சிலின் தளத்தில் உள்ள பட்டியலில் அந்தக் குறிப்பிட்ட பொருளின் பெயரைத் தேடிப் பாருங்கள்.

ஆர்கானிக் பற்றிச் சுருக்கமாக: செடி ஆர்கானிக் முறையில் வளர்ந்தது என்பதற்கு அமெரிக்காவுக்கு அந்நாட்டு வேளாண் துறையான யுஎஸ்டிஏவின் முத்திரை, அழகுசாதனத்துக்கு காஸ்மாஸ் முத்திரை. காஸ்மாஸ் ஆர்கானிக் என்றால் பொதுவாக மொத்தப் பொருளில் 20 சதவீதமாவது ஆர்கானிக்காக இருக்க வேண்டும், கழுவிவிடும் பொருளுக்கு 10. நீங்கள் ஊற்றும் தண்ணீர் இந்தக் கணக்கில் ஆர்கானிக் ஆகாது. தண்ணீரே பிரதானமான ஜெல்லுக்கு இது எளிதல்ல. அசிமன்னன் எவ்வளவு என்பதை ஆர்கானிக் முத்திரை சொல்லாது. ஹலால், கோஷர் இரண்டிலும் கற்றாழையைவிட ஆல்கஹால், கிளிசரின் எங்கிருந்து வந்தன என்பதைத்தான் அதிகம் கேட்பார்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர் முத்திரைக்கு முன்னால் செலவு செய்ய வேண்டியது பொடிக்கான என்எம்ஆர், அலோயின் சோதனை, ஜெல்லுக்கான சவால் சோதனை ஆகிய மூன்றுக்கும். மூன்றையும் ஐஎஸ்ஓ 17025 (ஆய்வகங்களின் திறனுக்கான தரநிலை) அங்கீகாரம் உள்ள ஆய்வகத்தில், அந்தக் குறிப்பிட்ட சோதனை அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். மாதிரியைச் சப்ளையர் அனுப்ப விடாதீர்கள். வந்திறங்கிய மூட்டையிலிருந்து நீங்களே எடுத்து, ஒரு பகுதியை ஆய்வகத்துக்கு அனுப்பி, ஒரு பகுதியைப் பேட்ச் எண் எழுதிக் காற்றுப்புகாமல் மூடி, அந்தப் பொடியில் செய்த கடைசி ஜெல்லின் காலாவதித் தேதி வரை வைத்திருங்கள். வாங்குநர் புகார் சொல்லும் நாளில், சப்ளையர் தாளிலிருந்த எண்ணும் உங்கள் எண்ணும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று காட்ட உங்களிடம் இருப்பது அந்தப் பொட்டலம் ஒன்றுதான்.